கடற்கரை ஆற்றுப்படை



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில், விடுமுறைக்குக் கடற்கரை நகருக்குச் செல்வது பற்றிப் பேசுவது பொருத்தமா என்று கேட்போர் இருக்கலாம். யாப்பு, உவமை, புதுக்கவிதையின் போக்கு என்று பேசுதற்குரிய பொருள்கள் எத்தனையோ இருக்க, சுற்றுலாக் கையேட்டுக்குரிய ஒரு பொருளை இந்த மேடைக்குக் கொண்டுவருவானேன் என்பது அவர்தம் ஐயம். ஆனால் திருநாவலூர் போன்ற உள்நாட்டு ஊரிலிருந்து எழுதுவோர்க்கு இது ஓய்வைப் பற்றிய கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. எழுத்தின் உண்மையைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

உள்நாட்டுக் கவிஞர் ஒருவரின் தொகுப்பை எடுத்துப் புரட்டினால், பத்துப் பக்கத்துக்குள் எப்படியும் கடல் வந்துவிடும். காதலின் ஆழத்துக்குக் கடல். துயரின் பெருக்குக்குக் கடல். மக்கள் எழுச்சிக்கு அலை. மனத்தின் அமைதிக்கும் அதே அலை. அந்தக் கடலில் உப்பு இருக்காது. மீன் கவிச்சி இருக்காது. காலில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும் மணல் இருக்காது. அது பிற கவிதைகளிலிருந்து இரவல் பெற்ற கடல். நெல்லும் கரும்பும் மணிலாவும் பற்றி எழுதும்போது ஒரு சொல்கூடத் தவறாத அதே கவிஞர், கடலைப் பற்றி எழுதும்போது மட்டும் கேட்டதை எழுதுகிறார். இந்தக் குறையை நீக்கிக்கொள்ளக் கிடைத்த எளிய வாய்ப்பே விடுமுறை.

ஒருவரை ஓர் ஊருக்குப் போகுமாறு வழிகாட்டுவது தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. அதற்கென்றே ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகை இருக்கிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு வழியும் வழியிலுள்ள ஊர்களும் கூறி அனுப்புவது அதன் இலக்கணம். பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடினார். அதில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணன் முதலில் அனுப்பப்படுவது ஒரு கடற்கரை ஊருக்குத்தான். எயிற்பட்டினம் என்னும் அவ்வூர் இன்றைய மரக்காணத்தை ஒட்டியது என்பர். முல்லை நிலத்து வேலூரும் மருத நிலத்து ஆமூரும் அதற்குப் பின்னரே வருகின்றன. கடற்கரை ஊரில் பாணனுக்குக் கிடைக்கும் விருந்து, நுளையர் மகள் வடித்த தேறலும் சுட்ட உலர்மீனும். அடுப்பெரிக்க அங்கே விறகு வெட்ட வேண்டுவதில்லை. அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரங்களே விறகு.

அந்த மரங்கள் கரையில் கிடக்கும் கோலத்துக்குப் புலவர் சொல்லும் உவமை, படுத்துறங்கும் ஒட்டகம். ஒட்டகம் இந்த மண்ணின் விலங்கன்று. வேற்று நாட்டு வணிகர் வந்துபோகும் துறைகளோடு பழகிய ஒருவர் கண்ணுக்கே அந்த உவமை தோன்றியிருக்கும் என எண்ண இடமுண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு அணித்தான காலத்திலேயே கடற்கரை, தமிழ்க் கவிதைக்கு ஒரு புதிய உவமையைக் கொடுத்திருக்கிறது. அங்குப் போனவர் பெற்றார்.

சரி, எந்தக் கடற்கரைக்குச் செல்வது? இதற்குத் திருநாவலூரார் தொலைவில் தேட வேண்டியதில்லை. ஊர்ப் பக்கமாக ஓடும் கெடிலமே வழிகாட்டி. கள்ளக்குறிச்சிப் பகுதியில் தோன்றிக் கிழக்கு நோக்கிச் செல்லும் இச்சிற்றாறு, திருவதிகையில் வீரட்டானத்தையும், பிறகு திருமாணிகுழியையும் திருவயிந்திரபுரத்தையும் திருப்பாதிரிப்புலியூரையும் தொட்டுக்கொண்டு கடலூரில் கடலை அடைகிறது. ஆண்டின் பல மாதங்கள் மணலாகவே கிடக்கும் இந்த ஆற்றைப் பற்றி, கெடில வளம் என்னும் பெயரில் ஒரு முழு நூலே எழுதியவர் சுந்தர சண்முகனார். அவர் 1922இல் கடலூரை அடுத்த புதுவண்டிப்பாளையத்தில் பிறந்து, புதுவையில் வாழ்ந்த தமிழறிஞர். ஓர் ஆற்றின் வரலாற்றைக் கரையோரமாகவே தொடர்ந்து சென்று எழுத முடியும் என்பதற்கு அந்நூல் சான்று. ஆற்றின் நடுப்பகுதியில் வாழ்பவர்க்கு அதன் முடிவைக் கண்டுவர வேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பு. கதையின் நடுப்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு யாரும் நூலை மூடி வைப்பதில்லை.

கடலூர் வரை செல்வது ஆற்றின் வழி. அதற்கு அப்பால் புதுச்சேரி வரை செல்வது மணலின் வழி. சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் தென்புறமிருந்து சாய்வாக வந்து மோதும் அலைகள், கரையோர மணலைச் சிறிது சிறிதாக வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவ மாதங்களில் ஒரு பகுதி தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் மணலே இந்தக் கரையோர ஓட்டத்துக்கு உணவு. கெடிலமும் தென்பெண்ணையும் வெள்ளக் காலங்களில் அள்ளிச் சென்ற மணல், இவ்வாறு ஊர் ஊராகக் கடந்து புதுவைக் கரையிலும் படிந்திருக்கும். திருநாவலூர்க் குழந்தைகள் ஆற்றில் வீடு கட்டி விளையாடிய மணலின் உடன்பிறப்பு, புதுவைக் கடற்கரையில் கிடந்தது என்று சொன்னால் அது வெறும் கற்பனை ஆகாது.

கிடந்தது என்று இறந்தகாலத்தில் சொல்ல வேண்டியிருப்பதே இதில் வருத்தத்துக்குரிய செய்தி. 1980களின் பிற்பகுதியில், அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்கென இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டன. வடக்கே நடந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் மோதித் தெற்கேயே தங்கிவிட்டது. வடக்கே இருந்த மணலையோ அலைகள் வழக்கம்போல் கொண்டு சென்றன; அதன் இடத்துக்குப் புதுமணல் வரவில்லை. சில ஆண்டுகளுக்குள் நகரின் முன் இருந்த அகன்ற மணற்கரை மறைந்தது. கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல் கொட்டிய இடத்தில் நகரம் தப்பியது. அதற்கு வடக்கே அரிப்பு தொடர்ந்தது. கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் முதலிய இடங்களின் மீனவர் கட்டுமரத்தை இழுத்து வைக்கவும் வலை உலர்த்தவும் இருந்த மணலை இழந்தனர்; சிலர் வீட்டையும் இழந்தனர்.

2018இல் தலைமைச் செயலகத்தின் எதிரே, கடலுக்கடியில் ஆப்பு வடிவான செயற்கைத் திட்டு ஒன்று தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் துணையோடு அமைக்கப்பட்டது. அலையின் வேகம் தணிந்து, ஒரு துண்டு மணற்கரை மீண்டும் தோன்றியது. முப்பது ஆண்டுகளாகக் கல்லையே கடற்கரை என்று எண்ணி வளர்ந்த ஒரு தலைமுறை, முதன்முறையாகச் சொந்த ஊரில் மணலில் கால் வைத்தது.

உள்நாட்டுக் கவிஞர் இதைக் கண்ணால் காண வேண்டும். மணலைத் தடுத்தது துறைமுகச் சுவர் மட்டும் என்று எண்ணி அமைதி கொள்ளவும் முடியாது. ஆற்றிலேயே மணல் அள்ளப்பட்டால் கடலுக்குப் போய்ச் சேர என்ன இருக்கும்? மேட்டு நிலத்தில் லாரியில் ஏறிய மணல், கரையில் ஒரு மீனவர் வீட்டின் கீழிருந்து எடுத்த மணலாக ஒருநாள் கணக்கில் வரும். ஆற்றுக்கும் கடலுக்கும் உள்ள இந்த உறவை அறிந்த ஒருவர், பிறகு கடலைப் பற்றி எழுதும்போது பொத்தாம்பொதுவாக எழுத மாட்டார். ஆற்றைப் பற்றி எழுதும்போதும் எழுத மாட்டார். கடற்கரை நகருக்குச் செல்வதற்கு முதற்காரணம் இதுதான்: சொந்த ஊரின் மறுமுனை அங்கே இருக்கிறது.

அந்த மறுமுனையும் வாளாவிருப்பதில்லை. அவ்வப்போது அதுவே இங்கு வந்துவிடுகிறது. கோடையில் நண்பகலில் நிலம் காய்ந்து, மேலே எழும் வெங்காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்காற்று உள்ளே வருகிறது. அது கரையோடு நின்றுவிடாமல் மாலைக்குள் பல கிலோமீட்டர் உள்நாட்டில் நுழைகிறது. கத்திரி வெயில் நாளில், பொழுது சாய்ந்தபின் திண்ணையில் அமர்ந்தவர் முகத்தில் கிழக்கிலிருந்து ஒரு காற்று மெல்லப் படுமானால், அது கடல் அனுப்பிய காற்று. சீற்றமும் அவ்வாறே வரும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. தலைமுறை தலைமுறையாகக் காய்த்த மரங்கள் ஒரே இரவில் விழுந்தன. 2024 நவம்பர் 30 அன்று புதுவை அருகே கரையேறிய ஃபெங்கல் புயலின் மழை, தென்பெண்ணையில் பெருவெள்ளமாகி விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களைத் தவிக்கவிட்டது. கெடிலம் கடலைச் சேரும் பக்கத்துத் தேவனாம்பட்டினத்தில், 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் ஏறியதைக் கண்டவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். கடல் இத்தனை முறை வந்து பார்த்துவிட்டது. மரியாதைக்காவது ஒருமுறை எதிர்விருந்து போய்வருவது முறையாகும்.

இவ்வழக்கத்தில் உள்நாட்டுத் தெய்வங்கள் மனிதரை முந்திக்கொண்டுவிட்டன. மாசி மகத்தன்று புதுவை வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சென்றவர் அந்தக் காட்சியைக் கண்டிருப்பர். மயிலம் முருகன் வருகிறார்; தீவனூர்ப் பிள்ளையார் வருகிறார்; திண்டிவனத்துப் பெருமாள் வருகிறார். மலையிலும் வயல்வெளியிலும் கோயில் கொண்ட தெய்வங்கள் ஆண்டுக்கொருமுறை பல்லக்கிலும் வண்டியிலும் வந்து கடலாடித் திரும்புகின்றன. திருமுட்டத்துப் பூவராகர் கிள்ளைக்குக் கடலாட வரும்போது, அங்குள்ள இசுலாமியப் பெருமக்கள் அவரை எதிர்கொண்டு மரியாதை செய்வது நெடுநாளைய வழக்கம். தைத்திங்கள் ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையிலும் கெடிலக் கரையிலும் நடக்கும் ஆற்றுத் திருவிழாவும் இதன் உடன்பிறப்பே. ஆற்றுக்குச் செல், அடுத்து ஆறு செல்லும் இடத்துக்கும் செல் என்று நாட்காட்டியே சொல்லித் தருகிறது. விடுமுறை என்னும் சொல் பழக்கத்துக்கு வருமுன்னரே, இந்நாட்டார் கடலுக்குச் செல்லும் நாள்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் காரணம் நகரத்தைச் சார்ந்தது. கடற்கரை நகரம் வந்தவரை யார் என்று கேட்குமுன் இடம் கொடுத்துப் பழகியது. புதுவைக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டர் அளவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, உரோம நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளும் இத்தாலிய மட்கலச் சில்லுகளும் கிடைத்தன. உள்ளூரில் மணி கோத்த கைவினைஞரும் வெளியூரிலிருந்து மது கொண்டுவந்த வணிகரும் ஒரே கரையில் வாழ்ந்திருக்கின்றனர். அந்த இடத்தில் இன்று செங்கற் சுவர்களின் எச்சமும் மரநிழலும் ஆற்றின் அமைதியுமே உண்டு. பார்க்க ஒன்றுமில்லை என்று திரும்புவோர் பலர். ஒன்றுமில்லாத இடத்தில் அரைமணி நேரம் அமர்ந்திருக்கத் தெரிந்தவர் கவிஞர் அல்லரோ?

பதினெட்டாம் நூற்றாண்டில் அதே நகரில் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, கோட்டைக்குள் என்ன பேச்சு என்று அவர் எழுதிய தமிழ், செய்யுள் நடையின் சாயல் படாத அன்றாடத் தமிழ். தமிழ் உரைநடையின் வரலாற்றை அறிய விரும்புவோர் அந்நாட்குறிப்பைத் தாண்டிச் செல்ல முடியாது. கடல் வழியாக வந்த செய்திகளைப் பதிந்து வைக்க வேண்டும் என்னும் தேவையும் அந்த நடைக்கு ஒரு காரணம் எனலாம்.

1908இல் ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பிப் புதுவைக்கு வந்த பாரதியார், 1918 நவம்பரில் எல்லையைக் கடந்து கைதாகிக் கடலூர்ச் சிறைக்குச் செல்லும் வரை பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார். குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அந்தப் பத்தாண்டின் விளைச்சல். அவர் வாழ்ந்த ஈசுவரன் தருமராசா கோயில் தெரு வீடு இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அந்நகரிலேயே 1891இல் பிறந்த கனகசுப்புரத்தினம், பாரதியைக் கண்டபின் பாரதிதாசன் ஆனார். அவருடைய அழகின் சிரிப்பில், அழகு என்னும் தலைப்பை அடுத்தே வருவது கடல். கடலைக் கண்டு வளர்ந்த கவிஞர்க்கு அழகுக்கு அடுத்தபடி நினைவுக்கு வருவது அதுதான் போலும். பெருமாள் கோயில் தெருவில் அவர் இல்லமும் நினைவகமாக உள்ளது. இரண்டு வீடுகளுக்கும் இடையே நடந்தே செல்லலாம். ஒரு நூற்றாண்டுத் தமிழ்க் கவிதை அந்த நடைத் தொலைவுக்குள் அடங்கியிருக்கிறது என்பதைக் கால்கள்தாம் உணர்த்தும், பாடநூல் உணர்த்தாது.

திருநாவலூர்க்காரர் பெருமிதத்தோடும் சற்று நாணத்தோடும் காண வேண்டிய இடம் ஒன்றும் புதுவையில் உண்டு. 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அங்குள்ள சைவ ஆகமச் சுவடித் தொகுதியை யுனெஸ்கோ நிறுவனம் 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பண்டிதர் தி. வே. கோபாலையரும் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா குரோவும் பதிப்பித்த தேவாரம், அந்நிறுவன வெளியீடாகவே 1984இலும் 1985இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது. அப்பர், சுந்தரர் பதிகங்கள் அமைந்தது இரண்டாம் தொகுதி. அதாவது, திருநாவலூரில் பிறந்த சுந்தரர் பாடிய நூறு பதிகங்களைச் சொல் சொல்லாக ஒப்பிட்டுத் திருத்தமாகத் தரும் பணி, கடலோரத்து ஒரு கட்டடத்தில் நடந்தது. சொந்த ஊரின் செல்வம் எங்கெங்குக் காக்கப்படுகிறது என்று அறியவும் வெளியே போய்வரத்தான் வேண்டும்.

மூன்றாம் காரணம் சொல். கவிஞர்க்கு மிக நெருங்கிய காரணமும் இதுதான். உள்நாட்டில் காற்று என்றால் பெரும்பாலும் தென்றல், வாடை என்னும் இரண்டோடு முடிந்துவிடும். அவையும் ஏட்டில்தான் மிகுதி. கரையில் ஒரு முதிய மீனவரிடம் பேச்சுக் கொடுத்தால் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் வரும். அவருக்கு அவை பாட்டுக்குரிய சொற்களாக இருப்பதில்லை. அன்றைக்கு வலை எடுத்துச் செல்லலாமா, வேண்டாமா என்னும் முடிவு அந்தச் சொல்லில் இருக்கிறது. கரைவலை இழுப்போரின் ஓசை, நெத்திலியையும் கவலையையும் பிரித்துக் கூறுகட்டும் பெண்களின் விரைவு, விலை கேட்டு நிற்போரிடம் அவர்கள் காட்டும் எள்ளல் ஆகிய அனைத்தும் சூரியன் ஒரு பனையளவு ஏறுவதற்குள் முடிந்துவிடும். எட்டு மணிக்கு எழுந்து கடற்கரைக்குச் செல்பவர் காண்பது வெறும் நீர்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். நேரில் கண்டால்தான் பாட வேண்டுமா? வைகுண்டத்தையும் இலங்கையையும் நேரில் கண்டா பாடினார்கள்? கற்பனைக்குக் கால் எதற்கு? இம்மறுப்பில் நியாயம் இருக்கிறது. கண்டவரெல்லாம் கவிஞர் ஆவதில்லை என்பதும் மெய். கடற்கரையில் பிறந்து வளர்ந்தும் ஒரு நல்ல வரி எழுதாதவர் உண்டு. ஒரே ஒரு முறை கண்டு வாழ்நாள் முழுதும் எழுதியவரும் உண்டு. ஆனால் காணாததைப் பாடும் கற்பனை, காண முடியாததற்கு உரியது. வைகுண்டத்துக்குப் பேருந்து இல்லை, புதுவைக்கு இருக்கிறது. காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் சேர்ந்துவிடக்கூடிய தொலைவில் இருக்கும் கடலை, காணாமலே பாடிக்கொண்டிருப்பதைக் கற்பனை என்று சொல்வதைவிடச் சோம்பல் என்று சொல்வது நேர்மை.

புதுவைக்குச் சென்று வந்தேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் முகத்தில் ஒரு புன்னகை அரும்புவதும் அவையோர் அறிந்ததே. அந்தப் புன்னகையின் பொருளை விளக்க வேண்டியதில்லை. சிறுபாணனுக்கும் தேறல் கிடைத்தது என்று சங்கச் சான்று காட்டுவோரும் வட்டத்துக்குள் இருக்கக்கூடும். சான்று சரியே. ஆயினும் அந்தப் பாணன் மறுநாள் எழுந்து வேலூருக்கு நடந்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு நகரத்தைச் சாளரம் மூடிய அறையிலிருந்து கண்டுவந்தவர் அதைக் கண்டவர் ஆகார். நகரத்துக்கும் அது பெருமை ஆகாது. அங்கே வாழ்வோர் விடுமுறைக் கூட்டத்தின் குப்பையையும் கூச்சலையும் பொறுத்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்பதை விருந்தினர் மறக்கலாகாது.

ஆகவே செல்வோர் இருவர் மூவராகச் செல்க. பொழுது விடியுமுன் கரைக்குச் செல்க. கேட்டறிந்த சொற்களைக் குறித்துக்கொள்க. ஆனால் கவிதையை அங்கேயே எழுதிவிட வேண்டாம். கருங்கல் கொட்டிய இடத்தையும் மணல் மீண்ட இடத்தையும் அடுத்தடுத்துப் பார்க்க. திரும்பும்போது கடலூர் வழியாக வருக. கெடிலம் கடலைத் தொடும் இடத்தில் சிறிது நேரம் நிற்க. ஊருக்கு வந்தபின் ஆற்றங்கரைக்கு ஒருமுறை போய்வருக. அதன் பிறகு எழுத உட்கார்ந்தால், கடல் என்னும் சொல் முன்போல் எளிதாக வராது. வரும்போது அதற்கு எடை இருக்கும்.

நிறைவாக, இந்த ஊரின் மூத்த கவிஞரையே சான்றுக்கு அழைக்கலாம். நடுநாட்டில் நிலம் சூழ்ந்த ஊரில் பிறந்து, நரசிங்க முனையரையரால் வளர்க்கப்பெற்ற சுந்தரர், வாழ்நாள் முழுதும் கடலை நோக்கிச் சென்றுகொண்டே இருந்தார். திருவதிகைச் சித்தவட மடத்தில் ஓர் இரவு தங்கி, திருமாணிகுழியும் திருத்தினைநகரும் வழியாக அவர் தில்லைக்குச் சென்றதைப் பெரியபுராணம் கூறுகிறது. நாகைக் காரோணத்துக்குச் சென்றார். திருவொற்றியூரில் கடலோரத்தில் சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்று வாக்களித்து, ஆரூர் நினைவு தாளாமல் அவ்வாக்கைக் கடந்து கண்ணிழந்தார். இறுதியில் மேலைக் கடற்கரைத் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மீதேறிக் கயிலை சென்றார் என்பது வரலாறு.

அவ்வாறு செல்லும்போது பாடிய கடைசிப் பதிகத்தை உலகில் நிலைபெறச் செய்ய வேண்டியிருந்தது. உடன்வந்த சேரமான் பெருமாளோ தாமும் கயிலைக்கே வந்துவிட்டார். மண்ணுலகுக்கு அப்பாட்டைக் கொண்டுசேர்க்க ஒருவர் வேண்டும். சுந்தரர் அதை வருணனிடம், கடலுக்கு அரசனிடம் கொடுத்தார். கடல் அதைக் கொண்டுவந்து அஞ்சைக்களத்தில் சேர்த்தது என்பது மரபு. திருநாவலூரில் தொடங்கிய கவிதை, நம்பி ஒப்படைக்கப்பட்ட கடைசிக் கை கடலின் கை.

பாட்டைப் பத்திரமாகக் கரை சேர்த்த அந்தக் கடலுக்கு இந்த ஊர்க் கவிஞர்கள் பட்ட கடன் ஒன்று இருக்கிறது. வரும் விடுமுறையில் அதை ஒருமுறை நேரில் சென்று கண்டுவருவது, அந்தக் கடனுக்கு வட்டியாகவேனும் அமையும்.